விஷமில்லாத வண்ணம்

கேள்வி: ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பளிச்சென்ற மஞ்சளில் ஈயமும் காட்மியமும் இருக்கிறதாமே? விஷமில்லாத கனிம நிறமிகள் கிடையாதா?

பதில்: இருக்கின்றன. நிறமி ஆய்வுக்கூடத்தில் அரைப்பதும் சுடுவதுமே என் வேலை என்பதால் தெம்பாகச் சொல்கிறேன். குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட். காட்மியம் மஞ்சள், காட்மியம் சல்பைடு. இரண்டுக்கும் மாற்றாக வந்திருப்பது பிஸ்மத் வனடேட். வெயிலுக்கும் மழைக்கும் நன்றாக ஈடுகொடுக்கும்.

என் மனதைப் பறித்த கதை நீலத்தில் நடந்தது. 2009-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியனின் குழு, மின்னணுவியலுக்கான பொருளைத் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆக்ஸைடுகளைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுட்டது. வந்ததோ கண்ணைப் பறிக்கும் நீலம்! நானும் செய்து பார்த்தேன். கல்வத்தில் அரைக்கும்போது வெறும் சாம்பல் நிறப் பொடி. மறுநாள் உலையைத் திறந்தால் மூசைக்குள் சங்குப்பூ நீலம். ஐந்து ஆக்ஸிஜன் அணுக்களுக்கு நடுவே மாங்கனீஸ் உட்கார்ந்திருக்கும் விதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. இண்டியம் விலை அதிகம், அதுதான் வருத்தம்.

சிவப்புக்குச் சீரியம் சல்பைடு உண்டு. ஆனால் அமிலம் பட்டால் தாங்காது. ஒன்று மட்டும்: எந்த நிறமியானாலும் உலர்ந்த பொடியாகப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், குழைத்த வண்ணமாகவே கொடுங்கள்.