நெல்லைச் சீமையின் பழைய அறக் கட்டடங்கள் என்னென்ன?

ஆஸ்பத்திரி, சத்திரம் தவிர வேறு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் முதலில் சுமைதாங்கியைத்தான் சொல்வேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யார் கையையும் எதிர்பாராமல் இறக்கி வைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை பல. சாலையை அகலப்படுத்தும்போது இவற்றைப் பிடுங்கிப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் படுக்க இடமும் கிடைத்தன. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. களக்காடு பக்கம் டோனாவூரில் இன்னொரு மிஷனரியான ஏமி கார்மைக்கேல் 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். அப்புறம் அங்கே மருத்துவமனையும் எழுந்தது.

சோழர் கால ஆதுலர்சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, கல்வெட்டுச் சான்று வேண்டுமென்றால், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலுக்குத்தான் போக வேண்டும். 15 படுக்கை, வைத்தியர், மருந்து எல்லாம் அங்குள்ள கல்வெட்டில் சொல்லப்பட்டிருக்கிறது.