1942 ஏப்ரல் 9: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இரண்டாம் உலகப் போரில், அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. போர்க்காலத் திருகோணமலையில் பணியாற்றிய விமானிகளையும் மாலுமிகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஜப்பானியக் கப்பற்படை வருவதை முதலில் கண்டது யார்? (உப்புவெளி மாணவி)

கனடாவின் 413ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லெனார்ட் பிர்ச்சாலும் அவருடைய குழுவினரும். தெற்கே கொக்கலையிலிருந்து கற்றலினா என்ற பறக்கும் படகில் ஒன்பது பேர் ரோந்து போயிருந்தார்கள். ஏப்ரல் 4 மாலை அடிவானத்தில் கப்பல்கள் தெரிந்தன. எண்ணிப் பார்க்கக் கிட்டப் போனதும் சீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. குண்டு பட்டு ரேடியோ நொறுங்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

விமானம் கடலில் விழுந்த பிறகும் ஜப்பானியர் சுட்டார்கள். குண்டுகளுக்குத் தப்ப மற்றவர்கள் நீருக்குள் முங்கினார்கள். படுகாயமடைந்த இருவரால் முங்க முடியவில்லை. உயிர்காப்பு அங்கி அவர்களை மேலேயே மிதக்க வைத்தது. உயிர் காக்கத் தைத்த அங்கியே இலக்காகிப்போன கொடுமை அது. மொத்தத்தில் மூவர் இறந்தனர். எஞ்சிய அறுவரும் போர் முடியும்வரை சிறையில் இருந்தார்கள்.

'இலங்கையைக் காத்தவர்' என்று பிர்ச்சாலை எல்லாரும் அறிவார்கள். ஏப்ரல் 9 காலை அதே படைப்பிரிவின் இன்னொரு கற்றலினாவும் அக்கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. அதில் போன எவரும் திரும்பவில்லை. நம் ஊருக்கு வந்த எச்சரிக்கை அவர்களுடையது. அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஜப்பானிய விமானி எண்ணெய்க் குதத்தில் வேண்டுமென்றே மோதினார் என்று அப்பப்பா சொல்வார். தற்கொலைப் படையா? (சீனக்குடா)

அன்று ஒரு விமானம் குதத்தின் மீது விழுந்ததும், எண்ணெய் நாட்கணக்கில் எரிந்ததும் உண்மை. ஆனால் தற்கொலைப் படை என்ற ஏற்பாடு 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் போரில்தான் தொடங்கியது. அந்தப் பெயரை 1942க்கு இழுத்து வராதீர்கள்.

ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாமற் போனது ஏன்? (மூதூர்)

தாங்குவதற்கு அதில் விமானம் இருக்கவில்லை. எல்லாம் கரையில் நின்றன. தாக்குதல் வரும் என்று முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பினார்கள். காலையில் திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டது. அரை மணி நேரத்துக்குள் கடலுக்குள் போய்விட்டது. 307 பேர் இறந்தனர். காப்புக்கு அனுப்பிய விமானங்கள் வந்தபோது கப்பலே இல்லை. துணைக்குச் சென்ற ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது.

நீரில் விழுந்தவர்களை யார் மீட்டார்கள்? (அதே வாசகர்)

வீற்றா என்ற மருத்துவக் கப்பல். வெள்ளை உடலும் செஞ்சிலுவையும் அதற்குக் காப்பு. ஜப்பானியர் அதைத் தொடவில்லை. ஏறக்குறைய 600 பேரைத் தூக்கியெடுத்தது. அவர்களில் பலர் எண்ணெயில் தோய்ந்திருந்தார்கள். சிலர் கரைக்கே நீந்தி வந்து சேர்ந்தார்கள்.

நீர்மூழ்கிகள் ஆட்களைக் காப்பாற்றியதும் உண்டா?

உண்டு. 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் சுமாத்திராவின் சபாங் மீது விமானத் தாக்குதல் நடத்தின. கடலில் விழுந்த அமெரிக்க விமானி ஒருவரை டக்ரிசியன் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி மீட்டது. கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருந்தன. முங்கித் தப்பிப்பதுதான் நீர்மூழ்கியின் பலம். ஆளைத் தூக்க மேலே நின்றாக வேண்டும். அந்தக் கப்பல் தலைவனின் துணிச்சலை எண்ணிப் பாருங்கள்.

413ஆம் படைப்பிரிவு இன்றும் உள்ளதா?

உள்ளது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தேடல், மீட்புப் பணி செய்கிறது. இலங்கை நினைவாக அதன் சின்னத்தில் யானைத் தலை இருக்கிறது.

நிலாவெளி வீதிப் போர் மயானத்தில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா?

இல்லை. உடல் கிடைத்தவர்களுக்கே அங்கே கல். கடலோடு போன பிரித்தானிய மாலுமிகளின் பெயர்களை பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் நினைவுச் சின்னங்களில் தேடுங்கள். விமானிகளின் பெயர்களைச் சிங்கப்பூரில்.