வாங்கிய புத்தகங்களைப் படிக்காமலேயே அடுக்கி வைத்திருப்பது குற்றமா?

குற்றம் இல்லை என்பதே என் பதில். வாங்கும் புத்தகங்களில் பாதியைக்கூடப் படித்து முடிப்பதில்லை, ஆனாலும் வாங்குவதை நிறுத்த முடியவில்லை என்று நீங்கள் வருந்தி எழுதியிருப்பதைப் பார்த்தால், எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர் இல்லை என்று தெரிகிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெரிய வீடுகளில், பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாக்களும், எனாமல் அடுக்குகளும், பர்மாவிலிருந்து வந்த மரவைப் பாத்திரங்களும் தலைமுறை தலைமுறையாக அறைகளில் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்தின்போது சாமான் பரப்பி ஊரார் பார்த்த பிறகு அவை மறுபடியும் அறைக்குள் போனவைதாம். இத்தனை அண்டாவிலும் ஒரு தடவையாவது சோறு வடித்தீர்களா என்று எந்த ஆச்சியிடமும் யாரும் கேட்டதில்லை. என் புத்தக அலமாரியைப் பார்க்கும் உறவினர்கள் மட்டும், முகப்பைத் தாண்டி, உள்முற்றமான வளவுக்குள் கால் வைத்ததுமே, "இம்புட்டையும் படிச்சாச்சா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்த வழக்கில் நூலக அறிவியலும் ஓரளவு என் பக்கம்தான். சீர்காழிக்காரரான எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்று சொல்கிறது. அது எனக்குப் பாதகமான விதி என்பதால் அங்கே நான் அதிகம் நிற்பதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி. அந்த வாசகர், காசு கொடுத்து வாங்கியவராகவே இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்னும் ஐந்தாம் விதியை என் மனைவியும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறார். இரண்டாங்கட்டு வரை வந்துவிட்ட அந்த உயிரை அடுப்படிக்குள் நுழைய விடுவதில்லை என்பதில்தான் அவர் உறுதியாக இருக்கிறார்.

மூன்றாம் விதிக்குச் சான்று தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். அவர் நூல்கள், இதழ்கள் என்பதோடு நிற்காமல், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் வரை திரட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்துவிட்டார். 1992இல் அவர் மறைந்த பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது தமிழகத்தை விட்டுப் போகாமல், இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகிறது. கல்யாணம் முடிந்த மறுநாள் பத்திரிகையைப் படிக்க யார் வருவார் என்று அன்றைக்கு அண்டை வீட்டார் சிரித்திருக்கவும் கூடும். படிக்க ஆய்வாளர்கள் வந்தார்கள். கையில் இருப்பதைப் படித்து முடித்த பிறகே அடுத்ததை வாங்குவது என்று அவர் விரதம் பூண்டிருந்தால், தமிழ் அச்சு வரலாற்றை எழுத முனைபவர்கள் இன்று திண்டாடிப் போயிருப்பார்கள். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். அவர் தேடித் தேடிச் சேர்த்தார், நான் தள்ளுபடியைப் பார்த்துச் சேர்க்கிறேன்.

படிக்காமல் வைத்திருப்பதில் அஞ்ச வேண்டியது பழியை அன்று, பூச்சியைத்தான். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் காரைக்குடி என்பதால், எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் கம்பராமாயணம் ஏதேனும் ஒரு பதிப்பில் இருக்கும். ஆனால் பால காண்டம் தொடங்கி யுத்த காண்டம் ஈறாக ஆறு காண்டங்களையும் ஓரிடமும் விடாமல் கடந்தது, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, ராமபாணப் பூச்சி மட்டும்தான். மூலம், உரை என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பசை தடவிய முதுகுப் பகுதி மட்டும் கூடுதல் விருப்பம். இருட்டும் ஈரமும் அதற்கு உகந்தவை என்பதால், அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நகர்த்திப் போட்டு, இடையில் வசம்புத் துண்டுகளை வைத்து, அவ்வப்போது புத்தகங்களை வெளியே எடுத்துத் தூசி தட்டிக் காற்றாட வையுங்கள். தட்டுகிற சாக்கில் இரண்டு பக்கங்கள் படித்துவிடுவதும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளுமையில் அப்படியே உட்கார்ந்து அரை நாளைக் கழித்துவிடுவதும் உண்டு. உண்மையைச் சொன்னால், என் வாசிப்பில் பெரும்பகுதி இப்படித் துணியும் கையுமாக நடந்ததுதான்.

அப்படியும் மனம் உறுத்தினால், இரவல் கேட்டு வருபவர்களிடம் நீங்கள் படிக்காத புத்தகங்களையே முதலில் எடுத்துக் கொடுங்கள். நான் மொய் எழுதுவதைப் போலப் பெயரும் தேதியும் குறித்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். திருப்பிக் கொடுக்க வருபவர் ஒரு வாய்க் காப்பிக்கு உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் போவார். திருப்பிக் கொடுக்காவிட்டால், படிக்காத புத்தகங்களின் கணக்கில் ஒன்று கழிந்துவிடும்.