பாதி விலை மல்பெக் வாங்கலாமா?

கேள்வி: மகளின் மாமனார், மாமியார் கனடாவிலிருந்து முதன்முறையாக ஹட்டனுக்கு வருகிறார்கள். சம்பந்திக்கு மல்பெக் என்ற சிவப்பு வைன் பிடிக்குமாம். டவுனில் ஒருவர் 'டியூட்டி ஃப்ரீ சாமான்' என்று பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? நம் கறிக்கு அது சேருமா? ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா?

பதில்: அந்த ஆளிடம் வாங்காதீர்கள். சாப்பாட்டுப் பேச்சு அப்புறம்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனின் பின்சீட்டில், கண்ணாடி மூடி, வெயிலில் அரை நாள் கிடந்த போத்தல் அது. வைன் வெந்துவிடும். வெந்ததால் மட்டும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பழ வாசனை போய், அடிப்பிடித்த ஜாம் மாதிரி ஆகிவிடும். போத்தலைக் கையில் வாங்கிப் பாருங்கள். தக்கை மேலே தள்ளி மேலுறை உப்பியிருக்கிறதா? கழுத்தோரம் பிசுபிசுவென்று கசிந்த தடம் இருக்கிறதா? வைன் மட்டம் கழுத்தைவிட்டுத் தோள்வரை இறங்கியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. கிளாஸைச் சரித்து வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால், இளம் மல்பெக்கின் ஓரம் பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். செங்கல் நிறம் தட்டினால் அது பழசு, அல்லது கெட்டது. விற்கிற அந்தத் தரகர் "பழசுதான் நல்லது" என்பார். இந்த விலை மல்பெக்குக்கு அது பொருந்தாது. இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்க வேண்டியது.

கடையில் வாங்கினால் நிம்மதி என்றும் சொல்ல முடியவில்லை. 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை இருக்கும். உள்ளே சாராயமும் பியரும். வைன் என்று இருக்கிற இரண்டு போத்தலும் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும், எப்போது வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. சுங்கவரி, மதுவரி, போதாததற்கு 18 வீத வற். இத்தனையும் போக, போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கரும் இருக்கும். வரி கட்டிய கதையை அது சொல்லும்; போத்தல் எந்தச் சூட்டில் கிடந்தது என்று கேட்க இந்த நாட்டில் ஆளில்லை. கண்டியிலோ நுவரெலியாவிலோ விற்பனை அதிகமுள்ள சுப்பர் மார்க்கெட்டில், அண்மைய ஆண்டு போட்ட போத்தலாகப் பார்த்து வாங்குங்கள்.

மல்பெக் என்பது ஒரு திராட்சை வகை. அதன் பிறப்பிடம் பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள கஹோர் பக்கம். 1853இல் மிஷேல் பூஜே என்பவர் அதை ஆர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குக் கொண்டுபோனார். 1956இன் உறைபனி பிரான்ஸின் போர்தோவில் இருந்த மல்பெக் கொடிகளில் பெரும்பகுதியை அழித்தது. இன்று மல்பெக் என்றால் மெண்டோசாதான். அங்கே பல தோட்டங்கள் ஏறக்குறைய நம் ஹட்டன் உயரத்தில் இருக்கின்றன. ஆனால் வருட மழையே 200 மில்லிமீற்றர் அளவுதான். இங்கே ஜூன் மாதம் மட்டுமே அதைவிட அதிகம் கொட்டும். அண்டீஸ் மலையின் பனி உருகிய நீரைப் பாய்ச்சி வளர்க்கிறார்கள்.

இனி கறி. மல்பெக்கில் மதுச்சாரம் 14 வீத அளவில் இருக்கும். காய்ந்த மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு எரியும், துவர்ப்பும் கூடும். அதனால் ஆட்டிறைச்சிப் பிரட்டலில் மிளகாய்த்தூளைப் பாதியாக்கி, மிளகையும் வறுத்த மல்லியையும் கூட்டுங்கள். இறைச்சியின் கொழுப்பு துவர்ப்பை அடக்கும். பன்றிக் கறுப்புக் கறி இன்னும் பொருத்தம். கட்டச் சம்பலையும் டெவிலையும் அன்றைக்குத் தள்ளி வையுங்கள். மீன் வேண்டாம், சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் கவிச்சி தங்கும். மரக்கறிக்காரர்களுக்குக் காளான் பிரட்டல் போதும்.

ஃப்ரிட்ஜ் கேள்விக்கு வருவோம். 16 முதல் 18 பாகை செல்சியஸ் சரியான அளவு. கொழும்பில் அரை மணி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஹட்டனில் பெரும்பாலான மாலைகளில் கூடத்து மேசையே போதும். ஆனால் அடுப்படிப் பக்கம் வைத்திருந்தால் உங்களுக்கும் ஃப்ரிட்ஜ்தான், ஒரு இருபது நிமிடம். இதற்கு நேர்மாறாக, ஜனவரிக் குளிரில் ஜன்னலோரம் இருந்த போத்தல் அதிகம் குளிர்ந்து துவர்ப்பாகிவிடும். அப்போது சுடுதண்ணீரில் இறக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரு ஜக்கில் ஊற்றி ஆட்கள் இருக்கிற அறையில் அரை மணி வையுங்கள். காற்றும் படும், குளிரும் விடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மிஞ்சியதைத் தக்கையிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

விருந்து போயா (பௌர்ணமி) தினத்தை ஒட்டி வருகிறதா என்று காலண்டரையும் பாருங்கள். அன்று கடைகள் பூட்டியிருக்கும், அந்தத் தரகர் மட்டும்தான் திறந்திருப்பார்.