ஜெர்மன் பேச வாயைத் திறந்தால் ஆங்கிலம் வருகிறதே, ஏன்?

கேள்வி: திருநெல்வேலியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். வயது 36. ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நான்கு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். பேச வாயைத் திறந்தால் ஆங்கில வார்த்தைதான் வந்து விழுகிறது. "தமிழில் யோசிக்காதீர்கள், தமிழை ஓரம் கட்டுங்கள்" என்கிறார் டீச்சர். இந்த வயதில் எனக்கு இது வருமா?

பதில்: வரும். தமிழை மட்டும் ஓரம் கட்டிவிடாதீர்கள். உங்கள் டீச்சர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால், குறுக்கே வருவது ஆங்கிலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தமிழ் என்ன பாவம் செய்தது?

மூன்றாவது மொழி கற்பவர்கள் பலருக்கும் நடப்பதுதான் இது. சாரா வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரின் தாய்மொழி ஆங்கிலம். ஏற்கெனவே ஜெர்மன் நன்றாகத் தெரியும். அவர் சுவீடனில் ஸ்வீடிஷ் கற்றபோது பேசியதையெல்லாம் பதிவு செய்து, பியோர்ன் ஹமர்பெரியும் அவரும் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்வீடிஷ் சொல் கிடைக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்க முயன்றபோதெல்லாம் அவருக்குப் பெரும்பாலும் கைகொடுத்தது ஜெர்மன். தாய்மொழி அந்த இடத்தில் பின்வாங்கிவிட்டது. 'இது வெளிமொழி, அதற்கும் வெளிமொழியிலிருந்தே எடுப்போம்' என்று மனம் தானாக ஒதுக்கிக்கொள்கிறது போலும். ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே குடும்பம் என்பதால் உங்களுக்கு இந்த இழுப்பு இன்னும் அதிகம்.

சொற்களுக்கு அந்த உறவு உதவும், சில இடங்களில் காலையும் வாரும். 'பெகொம்மன்' என்றால் ஆங்கிலத்தை வைத்து 'ஆவது' என்று நினைப்போம். 'பெறுவது' என்பதுதான் பொருள். 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. வார்டில் வேலை பார்ப்பவருக்கு இது முக்கியம்.

வாக்கிய அமைப்பில்தான் உங்களிடம் ஒரு புதையல் இருக்கிறது. நோயாளி நன்றாகத் தூங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இதை ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள்: "இஷ் கிளவ்பெ, தஸ் டேர் பட்ஸியென்ட் கூட் கெஷ்லாஃபன் ஹட்." 'தஸ்' (நம்முடைய 'என்று' போல) என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை மட்டும் ஒவ்வொன்றாக வையுங்கள். டேர் பட்ஸியென்ட், நோயாளி. கூட், நன்றாக. கெஷ்லாஃபன், தூங்கி. ஹட், இருக்கிறார். வரிசை அப்படியே தமிழ்! "அவர் மாத்திரை எடுக்க வேண்டும்" என்பதும் இப்படித்தான்: 'தஸ்' போட்டு, "ஏர் டப்லெட்டன் நேமன் முஸ்". நேமன், எடுக்க. முஸ், வேண்டும். ஆங்கிலம் வழியாகப் போனால் இந்த வினைகளைக் கடைசிக்குத் தள்ளுவது பெரும் மல்லுக்கட்டு. 'தஸ்', 'வைல்' (ஏனென்றால்) போன்ற சொற்களில் தொடங்கும் பகுதிகளை நேராகத் தமிழிலிருந்தே கட்டுங்கள்.

'தஸ்', 'வைல்' இல்லாத தனி வாக்கியத்தில் இந்த வழி செல்லாது. அங்கே வினை இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும்: "ஹாய்ட்ட அர்பைட்ட இஷ்", இன்று வேலை செய்கிறேன் நான். ஆங்கிலப் பழக்கத்தில் "ஹாய்ட்ட இஷ் அர்பைட்ட" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் அதன் பாலைக் காட்ட வரும் டேர், டீ, டாஸ் என்பதற்கும் தமிழ் உதவாது, ஆங்கிலமும் உதவாது. பெயர்ச்சொல்லை அந்த ஒட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

வயதைப் பற்றி. 1978இல் நெதர்லாந்தில் டச்சு கற்ற ஆங்கிலக்காரர்களை ஸ்னோவும் ஹோஃப்னகல்-ஹோலும் ஆராய்ந்தார்கள். முதல் சில மாதங்களில் வளர்ந்தவர்களும் பதின்வயதினரும் முன்னே போனார்கள், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்தான் பின்தங்கினார்கள். காலம் போகப்போகக் குழந்தைகள் பிடித்துவிடுவார்கள், உச்சரிப்பில் தாண்டியும் விடுவார்கள். உங்களுக்குத் தேவை நோயாளிக்கும் டாக்டருக்கும் புரியும்படி பேசுவது. உச்சரிப்பில் தமிழ் வாடை இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி பழக்கம். கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த குழந்தைகள் பல ஆண்டுகள் கேட்டும் பேச்சில் தடுமாறியதைப் பார்த்த மெரில் ஸ்வெய்ன், கேட்டால் மட்டும் போதாது, பேச வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். பேசும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே தெரிகிறது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த சோதனை இன்னொன்றைக் காட்டியது: படித்ததையே திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது.

அதனால் இரவில் ஒரு மணி நேரம் நோட்டைப் புரட்டுவதைக் குறையுங்கள். டியூட்டி மாறும்போது ஒவ்வொரு படுக்கையையும் தாண்டியதும் ஒரு வாக்கியம், வாய்க்குள் முணுமுணுத்தாலும் போதும்: காய்ச்சல் இருக்கிறது என்று நினைக்கிறேன், வலி குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வராத சொல்லைக் கையில் குறித்துக்கொண்டு வீட்டில் தேடுங்கள். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஆங்கிலம் வந்துகொண்டேதான் இருக்கும். நிறுத்தாமல் வாக்கியத்தை முடித்துவிட்டு, பிறகு அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

ஒரு செய்தி உங்களுக்குத் தெம்பாக இருக்கும். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1, பி2 (இடைநிலை) தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். பேசுவதில் மட்டும் தவறினால், அந்த ஒரு பகுதித் தேர்வுக்கு மட்டும் மறுபடி போனால் போதும்.