ஆங்கிலத்தில் துக்கம், சோகம் பற்றிய மரபுத்தொடர்களுக்கு என்ன அர்த்தம்? எங்கே பயன்படுத்தலாம்?

இப்படிக் கேட்பவர்களில் பலர் வேலைக்காக இங்கிலாந்து கிளம்புகிறவர்கள். உங்களையும் அப்படியே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நாகர்கோவில்காரி. யார்க்‌ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சாவு செய்தி எங்களுக்கு அடிக்கடி வருவது.

முதலில் அர்த்தம். 'ஃபீலிங் ப்ளூ', 'டவுன் இன் தி டம்ப்ஸ்' இரண்டும் மனசு சரியில்லை என்ற அளவுக்குத்தான். நாலு நாள் விடாமல் மழை பெய்தால்கூடச் சொல்லலாம். ஆளைப் பறிகொடுத்தவரைப் பற்றிச் சொல்லாதீர்கள், அவர் துக்கத்தைச் சின்னதாக்கிவிடும். 'வித் எ ஹெவி ஹார்ட்' (கனத்த மனசோடு) மரணத்தை எழுத்தில் அறிவிக்கும்போது வருவது. 'பிளாக் டாக்' ஆளை விடாத மன அழுத்தம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார், சர்ச்சிலும் தன் நிலையை அப்படித்தான் சொன்னார். 'ஸாக்க்ளாத் அண்ட் ஆஷஸ்' பைபிளில் வருவது. எஸ்தர் புத்தகத்தில் மொர்தெகாய் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு (சாக்குத் துணி) உடுத்திச் சாம்பல் போட்டுக்கொள்வாரே, அதுதான். அங்கே அது துக்கம். இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் செய்த தப்புக்கு ஊரறிய வருந்துவது. 'கிக் தி பக்கெட்', 'பாப்டு ஹிஸ் க்ளாக்ஸ்' எல்லாம் நம் 'மண்டையைப் போட்டான்' ரகம். இவற்றையும் 'காலமானார்' என்பதுபோல் மரியாதையான 'பாஸ்டு அவே'யையும் ஒரே பட்டியலில் அச்சடித்து, எது எங்கே என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் மனப்பாடம் செய்ய வைக்கிற கோச்சிங் சென்டர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். ஃபீஸ் வாங்கிக்கொண்டு செய்கிற காரியமா இது?

இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். ஆனால் நிஜமாகத் துக்கத்தில் இருக்கிற வயதானவர்கள் இங்கே இவை எதையும் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது 'மஸ்ட்ன்ட் க்ரம்பிள்', 'பேரிங் அப்', 'கீப்பிங் மை சின் அப்'. குறை சொல்லக் கூடாது, தாங்கிக்கொள்கிறேன், தலை நிமிர்ந்துதான் இருக்கிறேன். நலமாக இருப்பவரும் இதையேதான் சொல்வார் என்பதால் காது பழகினாலொழியப் பிடிபடாது.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி. கணவரும் அங்கேதான் இருந்தார், போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மஸ்ட்ன்ட் க்ரம்பிள், லவ்" என்பார். ஷிஃப்ட் மாறும்போது எழுதிக் கொடுக்கிற ஹேண்டோவர் குறிப்பில் 'நல்ல மனநிலையில் இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்' என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள். தட்டும் காலியாகத்தான் திரும்பி வந்தது.

எனக்கு உறுத்தியது அவருடைய ப்ரோச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. விட்பி ஜெட் என்பார்கள். விட்பி இங்கே கடற்கரை ஊர். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து கறுப்பாக இறுகிப்போன மரம்தான் அந்த ஜெட். பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும், கையில் எடுத்தால் எடையே தெரியாது, கல்லின் சில்லிப்பும் இருக்காது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இறந்தபின் விக்டோரியா ராணி 1901இல் தான் சாகும்வரை கறுப்பே உடுத்தினார். அந்தக் காலத்தில் துக்க நகை என்றால் இதுதான். விதவையின் கறுப்பு உடைக்கு 'விடோஸ் வீட்ஸ்' என்று பெயர், களைச் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டிக்கு அந்த ப்ரோச் அவருடைய பாட்டி வழியாக வந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குத்திக்கொள்வார். இப்போது இரவு உடையிலும் குத்திவிடச் சொன்னார்.

ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைத் தேடித்தரச் சொல்லிக் கைப்பையைக் கொடுத்தார். உள்ளே டிஷ்யூ பேப்பரில் சுற்றிய டோஸ்ட் துண்டுகள். சில காய்ந்து விறைத்திருந்தன. வெண்ணெய் தடவியது, ஒரு கடிகூடக் கடிக்காதது.

சீனியரிடம் சொன்னேன். "அவர் யார்க்‌ஷயர்காரி, இரும்பு மாதிரி" என்றார். நான் விடவில்லை. எடை பார்க்க வைத்தேன், நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் வந்தார். அப்புறம் துக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கும் க்ரூஸ் அமைப்பிலிருந்து ஒருவர் வந்து பேச ஆரம்பித்தார். 1959இல் விதவைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. க்ரூஸ் என்றால் கலசம், பைபிளில் வரும் சாறிபாத் விதவையின் குறையாத எண்ணெய்க் கலசத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். பாட்டி இப்போது கீழே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கேட்டால் இன்னமும் அதே "மஸ்ட்ன்ட் க்ரம்பிள்"தான். இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்கள் கவனிக்காததை நான் கவனித்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான், அதை மறைக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அப்படியா என்று கமெண்டில் கேட்பீர்கள். இல்லை. இளைஞர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள், அழுகிறார்கள். நான் பார்த்த வயதானவர்களை வைத்துத்தான் சொல்கிறேன். நம் ஊரில் வாய்விட்டு அழுவதுதான் உசத்தி என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அப்பா இறந்தபோது நான் வேறொரு இல்லத்தில் இருந்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டு அழகான கார்டு கொடுத்தார்கள், லீவு மட்டும் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோருக்கு 2020 ஏப்ரலிலிருந்து இரண்டு வாரம் சட்டப்படி உண்டு. அப்பா அம்மா செத்தால் சம்பளத்தோடு லீவு தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை, முதலாளி மனசு வைக்கவேண்டும். அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன். வேலையில் சேருமுன் கான்ட்ராக்டில் இதைப் படித்துப் பாருங்கள், சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

சரி, துக்கத்தில் இருப்பவருக்கு என்ன எழுதுவது? மரபுத்தொடர் எதுவும் வேண்டாம். 'ஐ ஆம் ஸோ ஸாரி' என்று எழுதி, இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கிற ஒரு விஷயத்தை எழுதுங்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். நர்ஸாக வருகிறீர்கள் என்றால், குடும்பத்தாரிடம் மரணத்தைச் சொல்லும்போது 'லாஸ்ட்' (இழந்துவிட்டோம்), 'கான்' (போய்விட்டார்) என்று சுற்றி வளைக்காமல் 'டைடு' என்றே சொல்லவேண்டும் என்பதுதான் இங்கே பயிற்சியில் சொல்லித்தருவது. முதல் தடவை நாக்கு எழும்பாது. ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தப்பாமல் போய்ச் சேருகிறது.