கதைக்கு நடுவே பியானோ

கேள்வி: சிங்கப்பூரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த செம்பவாங் நேவல் பேஸ் குடியிருப்பில் கழிந்த என் இளமைப் பருவத்தை நான் தமிழில் சொல்ல, என் பேரன் ஜாஸ் பியானோ வாசிக்கும் மேடை நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒத்திகை பார்த்து வருகிறோம். ஆனால், பியானோ என் பேச்சை விழுங்கிவிடுவதாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். ஒலியைக் குறைத்தால் போதுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: போதாது. எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் என்பதைவிட, பியானோவின் எந்தப் பகுதியில் வாசிக்கிறார் என்பதே இங்கு முக்கியம். ஆண்களின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான சுருதியில் அமைகிறது. நடு 'சி' கட்டையின் சுருதி ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். ஆகவே, அதற்குக் கீழுள்ள ஸ்தாயியில் இடக்கை அடர்த்தியான கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் பல சுரங்களை) வாசித்தால், அவை உங்கள் குரலின் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பேசும்போது பேரன் மேல் ஸ்தாயியில் சில சுரங்களை மட்டும் தொடட்டும். சுரங்களை நீட்டி ஒலிக்கவிடும் வலப்பக்கப் பெடலையும் நெடுநேரம் மிதித்து வைக்க வேண்டாம்.

வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவர், புலவர் ஒரு வாக்கியத்தை முடித்த பிறகுதான் வாய் திறப்பார். ஜாஸிலும் அழைப்பும் மறுமொழியுமாக வாசிக்கும் மரபு, அதன் முன்னோடியான ப்ளூஸ் இசையின் காலத்திலிருந்தே உண்டு என்பதால், உங்கள் பேரனுக்கு இது புதிதாக இருக்காது. தந்தை மிதிவண்டியில் வேலைக்குப் போனார் என்று நீங்கள் சொன்னதும் சக்கரம் சுழல்வதுபோல் வாசித்துக் காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சொல்லிவிட்டதையே மறுபடி சொல்வதில் என்ன சுவை? பிரிட்டன் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக 1968 ஜனவரியில் வெளியான அறிவிப்பு உங்கள் கதையில் வராமல் இராது. அந்தச் செய்தி உங்கள் வீட்டை எட்டும் இடத்தில் பியானோ அறவே நின்றுவிடட்டும்.

நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் 12 பார் (ஒரு பாருக்கு 4 தட்டு) கொண்ட ப்ளூஸ் ஒரு சுற்று முடிய 30 விநாடி ஆகும். நீங்களோ ஒரே சம்பவத்தை ஒருநாள் 20 விநாடியில் முடிப்பீர்கள், மறுநாள் 50 விநாடிக்கு நீட்டுவீர்கள். எனவே பார்களை எண்ணிக்கொண்டிராமல், ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு முடிப்புச் சொல்லை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது காதில் விழும்வரை அவர் இரண்டு பார் துணுக்கு ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்திருக்கலாம். ஜாஸ் கலைஞர்கள் இதை 'வேம்ப்' என்பார்கள்.

பிறர் இயற்றிய பாடல்களை வாசிப்பதானால், இசைப் பதிப்புரிமை அமைப்பான காம்பஸின் உரிமம் பெறப்பட்டுள்ளதா என்று அரங்கப் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.